உறைந்து நிற்கும் டெஸ்க்டாப்: ஃபார்மட்டா, எஸ்.எஸ்.டி.யா, புதுப் பெட்டியா?

“கணினி அடிக்கடி உறைந்துவிடுகிறது. ஃபார்மட் செய்யட்டுமா, எஸ்.எஸ்.டி. போடட்டுமா, இல்லை இதைத் தலைமுழுகிவிட்டுப் புதிதாக வாங்கிவிடட்டுமா?” இந்தக் கேள்வி எனக்கு ஓயாமல் வருகிறது. கேட்பவர்கள் மாறுகிறார்கள், மூன்று வழிகளும் மாறுவதில்லை: டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவது (ஃபார்மட்), சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் நகரும் பாகம் இல்லாத சேமிப்பகம் போடுவது (எஸ்.எஸ்.டி.), புதுக் கணினி வாங்குவது. எப்படி உறைகிறது, எந்த நேரத்தில் உறைகிறது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. வலி எங்கே என்று சொல்லாமலே, ஊசி நல்லதா மாத்திரை நல்லதா என்று வைத்தியரிடம் கேட்பதைப் போன்றது இது.

பிறரைக் குறை சொல்ல எனக்கும் தகுதி இல்லை. சில வருடங்களுக்கு முன் என் டெஸ்க்டாப் மூன்று நாளுக்கு ஒரு முறை சிலையாக நின்றது. ஃபார்மட் செய்தேன். நான்கு நாள் ஒழுங்காக ஓடியது, ஐந்தாம் நாள் பழைய கதை. ஏதோ வைரஸ் தப்பிவிட்டது என்று இரண்டாம் முறையும் ஃபார்மட் செய்தேன். அதற்கும் அடங்கவில்லை என்றதும் புது ரேம் வாங்கினேன். குற்றவாளி கடைசியில்தான் அகப்பட்டது: ஹார்டு டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள். பெட்டிக்குள் இருப்பதிலேயே மலிவான பொருள் அதுதான். அதற்குள் இரண்டு வார இறுதிகள் போயிருந்தன. காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளின் உரிமமும் போயிருந்தது.

கீழே வரும் அளவுகோல்கள் அந்த எரிச்சலில் பிறந்தவை.

## எதை வைத்து எடைபோடுவது

விலையை எல்லோரும் பார்ப்பார்கள். அதோடு இந்த ஐந்தையும் பாருங்கள்.

1. கோப்புகள் பிழைக்குமா? கணினியை மறுபடி வாங்கலாம், குழந்தையின் முதல் வருடப் படங்களை வாங்க முடியாது.
2. பின்வாங்க வழி உண்டா? மாற்றிய கேபிளைத் திரும்பச் செருகிவிடலாம். ஃபார்மட் செய்த டிஸ்க்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.
3. தோற்றாலும் எதையாவது சொல்லித்தருமா? இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். உறையும் கணினியில் முதல் முயற்சியே பலிப்பது அரிது. பலிக்காத முயற்சி குறைந்தது ஒரு சந்தேகத்தையாவது நீக்கிவிட்டுப் போக வேண்டும்.
4. வேலை முடிந்த பிறகு எத்தனை நேரம் தின்னும்? விண்டோஸை நிறுவ ஒரு மணி நேரம் போதும். அச்சுப்பொறி, எழுத்துருக்கள், விசைப்பலகை அமைப்பு, கடவுச்சொற்கள் எல்லாம் பழையபடி அமைய இரண்டு வாரம் ஆகும்.
5. வாங்கிய பொருள் அடுத்த கணினிக்கும் கூட வருமா? எஸ்.எஸ்.டி. வரும். பழைய டி.டி.ஆர்.3 ரேம் வராது.

## பணத்தை எடுக்கும் முன்

உறைவதில் மூன்று வகை உண்டு. அடுத்த முறை கணினி நின்றுபோகும்போது பவர் பட்டனைத் தேடாமல் ஒரு நிமிடம் அதைக் கவனியுங்கள்.

விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறுகிறது, மவுஸும் நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் பதிலில்லை, பெட்டியின் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது என்றால், செயலி (சி.பி.யு.) உயிரோடுதான் இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து ஏதோ வர வேண்டும், வரவில்லை, எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். ஒன்றிரண்டு நிமிடங்களில் தானாகத் தெளிந்தால் டிஸ்க் மீதான சந்தேகம் இன்னும் வலுக்கிறது. சாதாரண ஹார்டு டிஸ்க், படிக்க முடியாத ஓர் இடத்தை எளிதில் கைவிடாது. அதையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கும், அதுவரை விண்டோஸ் வாசலில் காத்திருக்கும்.

கேப்ஸ் லாக் விளக்கு மாறவே இல்லை, பாட்டு ஒரே அசையில் சிக்கிக் கத்துகிறது என்றால் அது முழு உறைவு. ரேம், எஸ்.எம்.பி.எஸ். (பெட்டிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பாகம்), கிராஃபிக்ஸ் அட்டை, மதர்போர்டு, செயலி, அல்லது இவற்றை ஆளும் டிரைவர் என்ற மென்பொருள் ஒன்று என்று சந்தேகப் பட்டியல் நீள்கிறது.

மூன்றாவது வகையில் திரை மட்டும் நிற்கும், ஒலி தொடர்ந்து ஓடும். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மறுதொடக்கம் ஆகும். அதில் திரை உயிர்பெற்றால் எங்கே தோண்ட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

இரண்டு கருவிகளையும் திறந்து பாருங்கள், இரண்டும் இலவசம். ஒன்று, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரிலையபிலிட்டி மானிட்டர். எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எந்த நாளில் எது விழுந்தது என்பதை நாட்காட்டி போலக் காட்டும். உறைவு தொடங்கியதற்கு முந்தைய நாள் ஒரு டிரைவர் வந்திருந்தால் பாதிக் கதை முடிந்தது. இன்னொன்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்பேட்டை அது படித்துக் காட்டும். ஹார்டு டிஸ்க்கில் 05, சி5, சி6 ஆகிய வரிகளில் பூஜ்ஜியத்தைத் தவிர வேறு எண் இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. இந்த ஒரு வரியை முதலிலேயே படித்திருந்தால் என்னுடைய இரண்டு வார இறுதிகளும் மிஞ்சியிருக்கும்.

ஒரு பொய்ச்சாட்சி பற்றியும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பிழையைப் பார்த்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர். போன முறை கணினி முறையாக நிறுத்தப்படவில்லை என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருள் கிடையாது. உறைந்த கணினியை நீங்களே பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதே வரிதான் பதிவாகும்.

## ஒரே பார்வையில்

| வழி | கோப்புகளுக்கு ஆபத்து | பின்வாங்க முடியுமா | தோற்றால் என்ன தெரியும் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| தூசி தட்டி, கேபிள், ரேம் மறுபடி செருகுதல் | மிகக் குறைவு | முடியும் | தளர்ந்த இணைப்பு இல்லை என்பது | ஒரு மாலைப் பொழுது |
| பென் டிரைவில் லினக்ஸ் சோதனை | இல்லை | முடியும் | கோளாறு எந்தப் பக்கம் என்பது | இன்னொரு கணினி தேவை |
| ஃபார்மட் | அதிகம் | முடியாது | விண்டோஸ் காரணமல்ல என்பது மட்டும் | உரிமங்கள், மறந்த கோப்புகள், இரண்டு வாரம் |
| எஸ்.எஸ்.டி. | குறைவு, பழைய டிஸ்க்கை அழிக்காதவரை | முடியும் | டிஸ்க் காரணமல்ல என்பது | நகலெடுப்பு, பொருந்தும் இடம் |
| ரேம் | இல்லை | முடியும் | ரேம் காரணமல்ல என்பது | பொருந்தாத ஜோடி, அடுத்த கணினிக்கு உதவாமை |
| எஸ்.எம்.பி.எஸ். | இல்லை, கேபிளைக் கலக்காதவரை | முடியும் | மின்சாரம் காரணமல்ல என்பது | தனிவகை இணைப்பிகள் |
| பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தல் | ஆளைப் பொறுத்தது | ஆளைப் பொறுத்தது | கேட்டு வாங்கினால்தான் தெரியும் | தனியுரிமை, காத்திருப்பு |
| புதிய கணினி | குறைவு | முடியாது | ஒன்றும் தெரியாது | மாறிச்செல்லும் நேரம் |

## சும்மா சுத்தம் செய்வது

இதை வழி என்று சொன்னாலே சிலர் சிரிக்கிறார்கள். மின்சாரத்தைத் துண்டித்து, பக்கப் பலகையைக் கழற்றி, தூசியை ஊதி, ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை மென்மையான அழிப்பானால் துடைத்து, ‘கிளிக்’ என்ற ஓசை கேட்கும்வரை மறுபடி அழுத்துங்கள். சாட்டா கேபிளைக் கழற்றிச் செருகுங்கள், உபரியாக ஒன்று இருந்தால் மாற்றியே விடுங்கள். ஊதும்போது மின்விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் அதைச் சுழலவிடாதீர்கள்.

சூட்டின் மேல் பழிபோடுவதில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. இன்டெல் செயலிகள் பலவற்றின் உச்சவரம்பு 100 டிகிரி செல்சியஸ், ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் 95. அந்த எல்லையைத் தொட்டால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி பட்டென்று அணையும். ஆகவே செயலிச் சூட்டின் அடையாளம் மந்தமும் அணைந்துபோவதும்தான். அசையாமல் உறைந்து நிற்பது அதன் இயல்பான வேலை அன்று. செயலியின் மேல் பூசும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிட்டு அற்புதம் நடக்கக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

## பென் டிரைவில் லினக்ஸ்

ஃபார்மட் செய்ய நினைக்கும் ஒவ்வொருவரிடமும் இதை முதலில் செய்யச் சொல்வேன். லினக்ஸ் என்பது விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம். வேறொரு கணினியில் அதன் வகைகளான உபுன்டு அல்லது லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். உறையும் கணினியை அணைத்து, டிஸ்க்கின் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டுப் பென் டிரைவிலிருந்து தொடங்குங்கள். எதையும் நிறுவ வேண்டாம், அப்படியே இணையத்தில் படம் பாருங்கள், பத்துத் தாவல்களைத் திறந்து வையுங்கள்.

அதிலும் உறைந்தால் விண்டோஸ் நிரபராதி, டிஸ்க்கும் நிரபராதி. ஃபார்மட், எஸ்.எஸ்.டி. என்ற இரண்டு செலவுகளும் ஒரே மாலையில் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. வழக்கமாக உறையும் நேரத்தைத் தாண்டி நிம்மதியாக ஓடினால் கோளாறு டிஸ்க்கிலோ அதன் கேபிளிலோ விண்டோஸிலோதான் இருக்க வேண்டும். விளையாடும்போது மட்டும் உறையும் கணினிக்கு இந்தச் சோதனை பாதிதான் பொருந்தும். லினக்ஸில் சும்மா இருக்கும் கிராஃபிக்ஸ் அட்டைக்கு வேர்ப்பதில்லை.

## ஃபார்மட்

ஃபார்மட்டின் புகழுக்குக் காரணம் எளிது: அதற்குக் காசு வேண்டாம், செய்தபின் கணினி புதிதுபோல் மின்னும். அந்த மினுமினுப்புதான் ஏமாற்றும். சாகும் டிஸ்க்கில் விண்டோஸை மறுபடி நிறுவினால் கோப்புகள் டிஸ்க்கின் வேறு இடங்களில் போய் உட்காரும். கெட்ட இடத்தை மறுபடி தொடும்வரை எல்லாம் சுகமாகவே இருக்கும். பிறகு ஒருநாள் தொடும்.

மறைந்திருக்கும் செலவுகளைத்தான் யாரும் எண்ணுவதில்லை. ‘டாக்குமென்ட்ஸ்’ அடைவை நகலெடுத்துவிட்டேன், போதும் என்பார்கள். கணக்கு மென்பொருள் தன் தரவை சி டிரைவின் வேரிலேயே வைத்திருக்கும். மின்னஞ்சல் நிரலின் பழைய கடிதங்கள் மறைவான அடைவு ஒன்றில் கிடக்கும். சில மென்பொருள்களின் உரிமத்தைப் பழைய நிறுவலிலிருந்து முறையாக விடுவித்துவிட்டுத்தான் புதியதில் இயக்க முடியும். விண்டோஸின் ‘ரீசெட்’ வசதியில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வு உண்டு. ஆனால் அதிலும் நீங்கள் நிறுவிய நிரல்கள் எல்லாம் போய்விடும், இதைப் பலர் போன பிறகுதான் அறிகிறார்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினி என்றால் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவி இல்லாமல் கதவு திறக்காது.

ஃபார்மட் சரியான விடையாக இருக்கும் நேரங்களும் உண்டு. ரேம் சோதனையும் டிஸ்க் குறிப்பேடும் சுத்தமாக இருந்து, பென் டிரைவ் லினக்ஸில் நாள் முழுக்க ஓடி, விண்டோஸில் மட்டும் உறைந்தால் தயங்காமல் செய்யுங்கள். அப்போதும் அதற்கு முன் இரண்டு சின்ன வேலைகள் இருக்கின்றன. ஒரே கணினியில் இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்தால் ஒன்றை நீக்குங்கள். கடைசியாக வந்த கிராஃபிக்ஸ் டிரைவரை முந்தைய பதிப்புக்கு இறக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும்.

## எஸ்.எஸ்.டி.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அப்படிச் சொல்லக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி ஆகிறது. தேவையான இடம் தலைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும், தலை நகரும் நேரம் தனி. விண்டோஸ் பின்னணியில் நூற்றுக்கணக்கான துண்டுக் கோப்புகளைக் கேட்கும்போது இந்தக் காத்திருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து ‘உறைவு’ என்ற தோற்றம் எடுக்கின்றன. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 விழுக்காடு என்று நின்று, வினாடிக்கு ஒன்றிரண்டு எம்.பி. மட்டும் நகர்ந்தால் நீங்கள் பார்ப்பது இதைத்தான். இங்கே எஸ்.எஸ்.டி. ஒரே நாளில் குணப்படுத்திவிடும். பழைய டிஸ்க்கை அப்படியே எடுத்து வைத்துவிடலாம் என்பதால் பின்வாங்கவும் வழி திறந்திருக்கிறது. அடுத்த கணினிக்கும் கூட வரும். ஐந்து அளவுகோல்களிலும் இதற்கு நல்ல மதிப்பெண்.

இதிலும் பொறிகள் இல்லாமல் இல்லை. பழைய டிஸ்க்கை முழுசாக நகலெடுத்து மாற்றினால் பழைய விண்டோஸின் கெட்ட கோப்புகளும் கூடவே குடிவரும். டிஸ்க் சாகிற நிலையில் இருந்தால் பிழைகளைச் சரிசெய்யும் நீண்ட சோதனையை ஓட்டாதீர்கள், இருக்கும் கொஞ்ச உயிரும் அதில் போய்விடும். முக்கியமான கோப்புகளை முதலில் கையால் நகலெடுங்கள், முழு நகல் பிறகு. மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 வகையை வாங்குமுன் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். சில பலகைகளில் அந்த இடம் சாட்டா வகையை மட்டும் ஏற்கும், சிலவற்றில் அதைப் பயன்படுத்தினால் சாட்டா துளைகளில் ஒன்றிரண்டு செயலிழக்கும். மிக மலிவான எஸ்.எஸ்.டி.கள் நிரம்ப நிரம்பத் திணறும், ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள்.

எஸ்.எஸ்.டி. உறையவே உறையாது என்பதும் இல்லை. குருசியல் எம்4 என்ற பழைய எஸ்.எஸ்.டி. மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியபின் மணிக்கொரு முறை பதிலளிப்பதை நிறுத்தியது. காரணம் அதன் உள்நிரலில் இருந்த எண்ணிக்கைப் பிழை, 2012 ஜனவரியில் வந்த ஃபர்ம்வேர் அதைச் சரிசெய்தது. ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருக்கும் கணினி உறைந்தால் புதியது வாங்குமுன் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் புதுப்பிப்பைப் பாருங்கள்.

## ரேம்

ரேமில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: போதவில்லையா, கெட்டுவிட்டதா?

போதாமையை டாஸ்க் மேனேஜரே காட்டிவிடும். நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டி நின்று, உலாவித் தாவல்களை மூடியதும் கணினி மூச்சுவிட்டால் கூடுதல் ரேம்தான் தேவை. அப்போதும் இருப்பதன் அளவும் வேகமும் பார்த்துப் பொருந்தும் ஜோடியாக வாங்குங்கள். பொருந்தாத இரண்டு பட்டைகளைச் சேர்ப்பது, இல்லாத உறைவை விலைகொடுத்து வாங்குவது.

கெட்ட ரேம் இன்னும் ஆபத்தானது. அது உறையச் செய்வதோடு நிற்காது, டிஸ்க்கில் எழுதப்படும் கோப்புகளையும் சத்தமில்லாமல் சிதைக்கும், நீங்கள் எடுக்கும் நகல்கள் உட்பட. அதனால் எதையும் பெரிய அளவில் நகலெடுக்குமுன் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை நிரலை இரவு முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் தேர்வில் தோல்விதான். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் ‘பிழை உண்டு’ என்றால் நம்பலாம், ‘பிழை இல்லை’ என்றால் முழுதாக நம்ப வேண்டாம். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் நிரல்) எக்ஸ்.எம்.பி. என்ற ரேம் வேகமூட்டும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அறிவிக்கப்பட்ட வேகத்தில் தடுமாறும் ரேம், இயல்பு வேகத்தில் ஒழுங்காக நடந்துகொள்வதுண்டு. அப்போது செலவே இல்லை.

## எஸ்.எம்.பி.எஸ்.

கணினி வாங்கும்போது யாரும் கேட்காத பாகம், கெட்டால் யாரும் சந்தேகிக்காத பாகம். விளையாட்டு தொடங்கியதும், காணொளியைச் செதுக்கும்போது, கிராஃபிக்ஸ் அட்டை புதிதாகப் போட்ட பிறகு என்று சுமை ஏறும் நேரங்களில் உறைந்தால் அல்லது தானாக மறுதொடக்கம் ஆனால் இதைப் பட்டியலின் மேலே கொண்டுவாருங்கள்.

எஸ்.எம்.பி.எஸ்.களுக்கான ஏ.டி.எக்ஸ். விதிப்படி 12 வோல்ட் கம்பியில் 5 விழுக்காடு ஏற்ற இறக்கம் இருக்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. மல்ட்டிமீட்டரில் இதற்கு வெளியே எண் வந்தால் சந்தேகமில்லை. உள்ளே இருந்தாலும் தப்பித்ததாகச் சொல்ல முடியாது. சுமை திடீரென்று ஏறும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்து எழும் மின்னழுத்தத்தைச் சாதாரண மீட்டர் பார்ப்பதில்லை. அதனால் இங்கே நம்பகமான சோதனை ஒன்றுதான்: நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பது.

இரவல் வாங்கும்போது ஒரு கண்டிப்பான விதி உண்டு. கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ்.களில், ஒரு தயாரிப்பின் கேபிளை இன்னொன்றில் செருகாதீர்கள். டிஸ்க் பக்கத்து இணைப்பி ஒன்றுபோல் இருக்கும், எஸ்.எம்.பி.எஸ். பக்கத்துக் கம்பி வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க் கருகும், கோப்புகளும் அதோடு போகும். பிராண்டு டெஸ்க்டாப்புகள் சிலவற்றில் மதர்போர்டின் மின் இணைப்பியே தனிவகை, சந்தையில் கிடைக்கும் பொது எஸ்.எம்.பி.எஸ். அதில் பொருந்தாது. கெட்டதைத் திறந்து பார்க்கும் ஆர்வம் வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

## சரியாகிவிட்டது என்று எப்போது நம்புவது

எந்த வழியை எடுத்தாலும் இந்தக் கேள்வி வரும். உறைவுக்கும் உறைவுக்கும் இடையிலான சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு நேரம் அமைதியாக ஓட வேண்டும். கோளாறு தற்செயலாக வந்துபோகும் வகையாக இருந்தால், சரியாகாமலே அத்தனை நேரம் அமைதியாக இருக்க ஏறத்தாழ 5 விழுக்காடு வாய்ப்புதான் உண்டு. என் கணினி மூன்று நாளுக்கு ஒரு முறை உறைந்தது, நானோ நான்காம் நாளே வெற்றிக்கொடி நாட்டினேன். ஒன்பது நாள் பொறுத்திருக்க வேண்டும். ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் நான்கு நாள் அமைதி கிடைத்திருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்பார்கள். காரணம் தெரிய வேண்டுமானால் அது சரி. நாளைக்கு வேலையை ஒப்படைத்தாக வேண்டும், கணினி ஓடினால் போதும் என்றால் கேபிள், ரேம், டிரைவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டுப் போங்கள். ஆராய்ச்சி பிறகு நடக்கட்டும்.

## பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது

அவரிடம் இருக்கும் பெரிய சொத்து அறிவு மட்டுமன்று, உபரிப் பாகங்களும்தான். ரேம், எஸ்.எம்.பி.எஸ்., கிராஃபிக்ஸ் அட்டை என்று வரிசையாக மாற்றிப் பார்க்க வீட்டில் யாரிடமும் சரக்கு இருக்காது. முழு உறைவு, நாளுக்குப் பல முறை, ரேம் சோதனையில் தேர்ச்சி என்று மூன்றும் சேர்ந்தால் கொடுப்பதே லாபம். வாரம் ஒரு முறை உறையும் கணினியைக் கொடுக்காதீர்கள். அவர் மேசையில் இரண்டு நாள் சமர்த்தாக ஓடும், “ஒன்றும் இல்லையே” என்று திரும்பி வரும்.

கொடுக்கும்போது உறைந்த நாள், நேரம், அப்போது ஓடிய நிரல், கேப்ஸ் லாக் விளக்கின் நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ‘என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது’ என்று அதே தாளில் எழுதுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். பென் டிரைவ் லினக்ஸில் உறைந்த கணினியைச் சரிபார்க்க உங்கள் டிஸ்க் அவருக்குத் தேவையே இல்லை.

## மதர்போர்டு, செயலி, அல்லது புதுப் பெட்டி

மற்ற எல்லாம் தேர்ச்சி பெற்றும் உறைந்தால் மிஞ்சுவது மதர்போர்டும் செயலியும். பணத்தை எடுக்குமுன் பயாஸ் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். ரைசன் கணினிகள் சில, ஒலி தடுமாற, கொஞ்ச நேரம் நின்று நின்று ஓடியதை 2022-இல் ஏ.எம்.டி.யே ஒப்புக்கொண்டது. செயலிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதியான எஃப்.டி.பி.எம்.தான் காரணம், பயாஸ் புதுப்பிப்பில் அது தீர்ந்தது. புதுப்பிக்கும்போது மின்சாரம் போகக் கூடாது, பிட்லாக்கர் சாவி கையில் இருக்க வேண்டும்.

உங்களுடையது இன்டெலின் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலி என்றால் கதை வேறு. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் இவற்றில் பல நிலைகுலைவதை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாக மைக்ரோகோடு (செயலியின் உள்நிரல்) திருத்தங்களை வெளியிட்டது. திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும், வந்துவிட்ட சேதத்தைச் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டியும் இருக்கிறார்கள். புதிய கணினிக்குப் பணம் எடுத்துவைத்தவர் முதலில் செயலியின் உத்தரவாதத்தைக் கேட்டுப் பார்க்கட்டும்.

பழைய கணினியில் மதர்போர்டை மட்டும் மாற்றுவது நான் கடைசியாகவே சொல்லும் வழி. அதே செயலிக்கும் அதே ரேமுக்கும் பொருந்தும் பலகை புதிதாகக் கிடைப்பது அரிது. பழையது வாங்கினால் அதன் வயதும் உங்கள் கணினியின் வயதுதான். கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது, பலகை போனால் உரிமமும் போகலாம்.

ஆகவே மதர்போர்டு வரை வந்துவிட்ட பழைய கணினிக்குப் புதுப் பெட்டியே நல்லது. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதையும், விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும், இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் தேவை என்பதையும் கணக்கில் சேருங்கள். அந்தத் தகுதி இல்லாத கணினிக்கு எஸ்.எஸ்.டி. தவிர வேறெதற்கும் பணம் போடமாட்டேன், எஸ்.எஸ்.டி. மட்டும் அடுத்த கணினிக்கும் கூட வரும்.

புதுப் பெட்டிக்குப் பழையதிலிருந்து எஸ்.எஸ்.டி., திரை, விசைப்பலகை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்துச் செல்லாதீர்கள், அது நிரபராதி என்று நிரூபிக்கப்படவில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை அழித்துவிடாமல், மேலே தேதி எழுதி, ஒரு வருடமாவது அலமாரியில் வையுங்கள். நகலெடுக்க மறந்த கோப்பு ஒன்று எப்படியும் நினைவுக்கு வரும், பெரும்பாலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் வாரத்தில்.